பவுடர் போட்ட நெற்றியும் ஒட்டாத பொட்டும்

என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, எங்கள் கடைக்கு வளையல் வாங்க வந்த ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா. அரக்குப் பட்டுக்குச் சேர்கிற மாதிரி கேட்டார். பெட்டியைத் திறந்து ஒரு டஜன் எடுத்து நீட்டினேன்.

"ஏம்மா, அரக்கு கேட்டா காப்பிக்கொட்டை கலர்ல குடுக்கிற? கடையில லைட்டு சரியில்லையா?" என்றார்.

லைட் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

திருவண்ணாமலை தேரடி வீதியில் எங்களுடையது சின்ன ஃபேன்சி ஸ்டோர். பொட்டு, வளையல், ரிப்பன், கிளிப், நகப் பாலிஷ். கலர் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. புடவைத் தலைப்பிலிருந்து ஒரு நூலைப் பிய்த்துக் கொண்டுவந்தால் போதும், சேர்கிற வளையலை எடுத்துவிடுவேன் என்று எனக்குக் கர்வம் வேறு. அந்த அம்மா போனபிறகு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை எடுத்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். சிவப்பு. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். பழைய செங்கல் நிறம். மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தேன். பயப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது ஆச்சரியம்தான். ஒரே பொட்டு, ஒரே முகம், கண்ணுக்கு ஒரு கலரா?

இதெல்லாம் ஆகிச் சில வருஷமாகிறது. இப்போது உடம்பு கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "உனக்கு என்னதான் ஆச்சு தனம்?" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

ஊரில் கண் டாக்டரிடம் போனேன். கண்ணைத் திருப்பினால் உள்ளே வலிக்கிறது என்றேன். லைட் அடித்துப் பார்த்தார். "கண்ணு நல்லாதாம்மா இருக்கு" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கண் நன்றாகத்தான் இருந்தது. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பில்தான் கோளாறு என்பது அப்புறம் தெரிந்தது. 

இந்த இடத்தில் ஜெயாக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சேகரின் அக்கா. புருஷன் போனபிறகு எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கும் பிள்ளை இல்லை, எனக்கும் இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் செல்லமாக வளர்க்கப்படுவது நான்தான். வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு எண்ணெய் தேய்த்து, அண்டாவில் வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை விளாவித் தலைக்கு ஊற்றுவது ஜெயாக்காவின் வேலை. விளாவுவது என்று பேர்தான், தோல் உரியும். அப்புறம் சாம்பிராணிப் புகை. அப்புறம் நேராகத் தெருமுனை அம்மன் கோயில்.

கண் கெட்ட அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, கோயிலில் கற்பூரம் காட்டும்போது சும்மா ஒரு பரீட்சைக்கு இடது கண்ணை மூடினேன். வலது கண்ணில் அம்மனையே காணோம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி தொங்குகிற மாதிரி இருந்தது. பதறிப்போய் ஜெயாக்காவிடம் சொன்னேன். கடைக்கு வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, ஐஸ் போட்ட ரோஸ்மில்க் குடித்து, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் துணி விலகி, பழையபடி செங்கல் நிறம் வந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதேதான். அதற்கடுத்ததும். மற்ற நாளில் இப்படி ஆவதில்லை. ஜெயாக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

"அம்மா உன்கிட்ட பாதி முகத்தைத் திருப்பிக்கிட்டாடி. ஏதோ குறை வெச்சிருக்கோம்" என்றார்.

குறையைத் தீர்க்க வேப்பிலை ஜாஸ்தியாயிற்று, சூடு ஜாஸ்தியாயிற்று, வெள்ளியோடு செவ்வாயும் சேர்ந்துகொண்டது. ஜெயாக்கா விடிவதற்கு முன்னாலேயே எழுந்து அடுப்பு மூட்டுவார். எனக்காக ஒரு வேளை விரதமும் இருந்தார். நானும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சுட்டால்தான் பலன் என்று நானும் நம்பினேன்.

ஒருநாள் கடைக்கு வந்து சேர்ந்தபோது என் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, எப்போது கழன்றது, ஒன்றும் தெரியவில்லை. தெரு முழுக்க ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் சேகர் பயந்தார். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் உதவியாளர் அவர். ஒரு காகிதத்தை மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாத மனுஷன். அந்த மனுஷன் லீவு லெட்டரை நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, என்னையும் ஜெயாக்காவையும் சென்னைக்குக் கூட்டிப்போனார்.

நரம்பு டாக்டருக்காகக் காத்திருக்கிற கூடத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளையல் விற்கிறவள் கண் வேறு எங்கே போகும்? இந்தம்மாவுக்கு ரெண்டு ஆறு சைஸ், அந்தப் பொண்ணுக்கு ரெண்டு நாலே தொளதொளக்கும் என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தால் பயம் கம்மியாக இருந்தது. 

டாக்டர் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். நெற்றியில் சின்னக் கறுப்புப் பொட்டு. அவர் வரிசையாக டெஸ்ட் எழுதினார். ஸ்கேன் எடுக்கிற குகைக்குள் நகை எதுவும் கூடாது என்றார்கள். தாலியைக் கழற்ற வேண்டும் என்றதும் ஜெயாக்கா அந்த நர்ஸை முறைத்த முறையில் அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கும். பிறகு அவரே தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து, மஞ்சள் கயிற்றில் கோத்து என் கழுத்தில் கட்டினார். ஊரிலிருந்து கிளம்பும்போதே யோசித்து எடுத்துவைத்திருக்கிறார். உள்ளே படுத்தேன். தகரக் கடையில் நாலு பேர் சேர்ந்து சுத்தியால் அடிப்பது போலச் சத்தம். மஞ்சள் வாசனை மட்டும் என்கூடவே இருந்தது. அழுதேன், ஆனால் அசையாமல் அழுதேன். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

முதுகெலும்புக்கு நடுவில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றி ஓடுகிற தண்ணீராம். காட்டச் சொன்னேன். கண்ணாடிக் குழாயில் வெறும் பச்சைத் தண்ணி மாதிரி இருந்தது. இன்னொரு டெஸ்டில் தலையில் ஒயர்களை ஒட்டி, டிவியில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்க்கச் சொன்னார்கள். கண் பார்த்த சேதி மூளைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிறார்களாம். என் வலது கண்ணின் சேதி லேட்டாகத்தான் போயிற்று.

எல்லாம் முடிந்து டாக்டர் எதிரில் உட்கார்ந்தோம். அவர் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டுச் சொன்னார். நரம்புகளுக்கு மேல், ஒயருக்கு மேல் இருக்கிற பிளாஸ்டிக் போல, ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. உடம்புக்குக் காவலாக ரத்தத்தில் சுற்றுகிற வெள்ளை அணுக்கள் எதிரி என்று தப்பாக நினைத்து மூளைக்குள் நுழைந்து அந்த உறையைக் கடித்துவிடுகின்றன. கடித்த இடத்தில் தழும்பு. கண் நரம்பில் கடித்தால் கண், கால் வழியில் கடித்தால் கால். பேர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பல இடத்தில் தழும்பு என்று அர்த்தமாம்.

"வேற ஏதாவது கவனிச்சீங்களா தனலட்சுமி? எப்ப ஜாஸ்தியாகுது, எப்ப கம்மியாகுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயாக்கா சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமைங்க. கோயிலுக்குப் போனா கண்ணு மறைஞ்சுடுது. இப்ப செவ்வாயும்."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவாங்க?"

"தலைக்கு எண்ணெ வெச்சு, நல்லா சுடசுட ஊத்துவேங்க."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உறை போன நரம்பு சூடு பட்டால் சேதியைக் கடத்தாது, குளிர்ந்தால் மறுபடி கடத்தும் என்றார். அந்தக் காலத்தில் ஸ்கேன் எல்லாம் வருவதற்கு முன்னால், இந்த நோயைக் கண்டுபிடிக்க ஆளைச் சுடுதண்ணித் தொட்டியில் உட்காரவைத்துப் பார்ப்பார்களாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் வீட்டுக் குளியலறையில் வாரத்துக்கு இரண்டு நாள் அந்த டெஸ்ட் நடந்திருக்கிறது. அம்மன் முகத்தைத் திருப்பவில்லை. என் நரம்பு சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஜெயாக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. "அப்ப நான்தான் இவ கண்ணைக் கெடுத்துட்டேனா?"

"இல்லீங்க. சூட்டால நரம்புக்குக் கெடுதல் ஒண்ணும் ஆகாது, ஆறினா சரியாயிடும். உள்ள ஏற்கெனவே இருந்த காயத்தைத்தான் அது காட்டிக் குடுத்துச்சு" என்றார் டாக்டர். எனக்குச் சொன்னதைவிடப் பொறுமையாக அவருக்குச் சொன்னார். ஜெயாக்கா தலையை ஆட்டினார். நம்பவில்லை. அன்றையிலிருந்து அவர் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். நானே கூப்பிட்டாலும், "நீயே ஊத்திக்கோ, எனக்குக் கை நடுங்குது" என்று அடுப்படிக்குப் போய்விடுவார். அது எனக்கு நோயைவிட வலித்தது.

ஸ்டீராய்டு டிரிப் போட்டார்கள். வீக்கத்தை அமுக்குகிற மருந்து. அது ஏறினால் பசி என்றால் பசி. ஆஸ்பத்திரி இட்லியை அடுக்கடுக்காகத் தின்றுவிட்டு, பக்கத்துப் படுக்கைக்காரர்களின் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சேகர் கேன்டீனுக்கும் வார்டுக்கும் நடந்து நடந்து இளைத்தார். கால் சரியாயிற்று. வலது கண் முக்கால்வாசி திரும்பியது. சிவப்பு மட்டும் முழுசாக வரவில்லை. இடது கண்ணை வைத்துக் கடையை ஓட்டிவிடலாம் என்று ஊருக்கு வந்தோம்.

அடுத்த வருஷம் இடது கண்ணில் வந்தது.

மறுபடி டிரிப், மறுபடி இட்லி. பெரும்பாலும் திரும்பியது. ஆனால் டாக்டர் இந்தத் தடவை படம் போடவில்லை, நேராகச் சொன்னார். வலது நரம்பு ஏற்கெனவே மெலிந்துவிட்டது. ஊசி மருந்து ஒன்று போட்டுக்கொண்டிருந்தும் நோய் நிற்கவில்லை. இடது கண்ணில் இன்னொரு தடவை பலமாக வந்தால் கலர் போய்விடும், எழுத்தும் போய்விடலாம். வெளிநாட்டில் ஒரு மருந்து இருக்கிறது, வரவழைக்கலாம் என்றார்.

"அது என்ன பண்ணும் மேடம்?" என்றேன். நான் கேள்வி கேட்க ஆரம்பித்தால் சேகர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

வெள்ளை அணு ரத்தக் குழாயின் ஓரமாக உருண்டுகொண்டே போகும். மூளைக்குப் போகிற குழாயின் சுவரில் ஒட்டினால்தான் நிற்கும், நின்றால்தான் சுவரைத் தாண்டி உள்ளே நுழையும். ஒட்டுவதற்கென்றே அணுவின் மேல் ஒரு புரதம் இருக்கிறது, சுவரில் அதற்கு ஜோடியாக இன்னொன்று. இந்த மருந்து போய் அணுவின் ஒட்டுகிற புரதத்தைப் பிடித்து மூடிவிடும். இவ்வளவையும் டாக்டர் சொன்னார்.

"பவுடர் போட்ட நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு ஒட்டாதே, அது மாதிரியா மேடம்?"

டாக்டர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கிட்டத்தட்ட. ஆனா பவுடர் நெத்தியில இல்ல, பொட்டோட பசை மேல கொட்டிடுச்சுன்னு வெச்சுக்கோங்க."

"அப்ப அந்தப் பொட்டு வேற எங்கயுமே ஒட்டாதே?"

"அதுதான் இதுல இருக்கிற சிக்கல்" என்றார் டாக்டர். "மூளைக்கு நிஜமாவே ஒரு எதிரி வந்தாலும் காவலுக்குப் போற அணு ஒட்டாது. நம்மில பல பேர் உடம்புல ஒரு வைரஸ் சும்மா தூங்கிட்டு இருக்கு. காவல் இல்லாதப்ப சில பேருக்கு அது மூளையில எழுந்துக்கும். எழுந்தா உயிருக்கே ஆபத்து. ரொம்பக் கம்மிப் பேருக்குத்தான். ஆனா யாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியல. இதனாலயே அங்க ஒரு தடவ மருந்தை நிறுத்தி, அப்புறம் கண்காணிப்போட திரும்ப விட்டாங்க."

சேகர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், செஞ்சி தாண்டியதும் சேகர்தான் பேச்சை எடுத்தார். "விட்டுடலாம் தனம். கண்ணு போனா நான் இருக்கேன், பாத்துக்கறேன். நீ போயிட்டா நான் என்ன பண்றது?" என்றார். அவர் அப்படிப் பேசிக் கேட்டதே இல்லை. கலர் தெரியாமல் நான் அந்தக் கடையில் உட்கார்ந்து என்ன செய்வேன் என்று மட்டும் கேட்டேன். உயிரோடு இருப்பது பெரிசுதான். ஆனால் எனக்குச் சிவப்பும் வேண்டியிருந்தது.

வீட்டில் ஜெயாக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "அந்த வைரஸ் இப்ப தூங்குதா?" என்றார்.

"தூங்குதாம்."

"எழுந்தா எப்படித் தெரியும்?"

"கண்ணு மங்கும், பேச்சு குழறும், கை கால் விழும். தெரிஞ்ச உடனே போன் பண்ணணுமாம்."

"சரி, மருந்தைப் போட்டுக்கோ. எழுந்துக்குதான்னு நான் பாத்துக்கறேன்" என்றார், பால் பொங்குவதைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி.

வேங்கிக்காலில் வீடு கட்ட வாங்கிப்போட்ட மனை இப்போது என் ரத்தத்தில் ஓடுகிறது. அதற்கு மேல் அந்தக் கணக்கைச் சொல்ல விருப்பமில்லை. வெளியிலிருந்து மருந்து வரவழைக்க அனுமதி வாங்க வேண்டும். காகிதத்தின் பின்னால் எப்படி நடப்பது என்று சேகருக்குத் தெரியும். ஆபீசில் ஊரார் மனுவுக்காக நடந்த நடையை எனக்காக நடந்தார். மாதம் ஒருமுறை சென்னை போவோம். ஐஸ் பெட்டியில் சின்னக் குப்பி வரும். டிரிப்பில் ஏற்றுவார்கள், அப்புறம் ஒவ்வாமை வருகிறதா என்று உட்காரவைத்துப் பார்ப்பார்கள். சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டே, இந்நேரம் எத்தனை பொட்டின் பசை போயிருக்கும் என்று யோசிப்பேன். உள்ளே ஒன்றுமே தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

காலையில் எழுந்ததும் ஜெயாக்கா பொட்டு அட்டை ஒன்றை என் மூக்குக்கு நேராக நீட்டுவார். "இது என்ன கலர்?" சொல்ல வேண்டும். ஒருநாள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். போனை எடுக்க ஓடிவிட்டார். அதற்குப் பிறகு அந்த விளையாட்டு வைத்துக்கொள்ளவில்லை. மாதங்கள் போயின. கண்ணில் வரவில்லை, காலில் வரவில்லை.

போன சித்திரையில் முகூர்த்த நாள். கடையில் கூட்டம், கரண்ட் இல்லை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கல்லாவில் ஜெயாக்கா. ஒரு பொண்ணுக்கு வளையல் மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் கை மெல்ல மெல்ல வெளுத்து, வளையல் வெளுத்து, வலது கண், இடது கண் இரண்டிலும் அந்த வெள்ளைத் துணி இறங்கியது. 

"அக்கா" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

வைரஸ் எழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஜெயாக்காவும் அதைத்தான் நினைத்தார். என்னைப் பின்பக்கம் இழுத்துப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தார். "சேகருக்குப் போன் போடறேன்" என்றார். எனக்கு அப்போது புழுக்கம் உறைத்தது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, பானைத் தண்ணியை எடுத்துத் தலையில ஊத்துங்க."

"நானா? மாட்டேன்டி. என் கையால வேணாம்."

"ஊத்துக்கா. சூட்டால வந்ததான்னு பாத்துடலாம். ஊத்து."

குடிக்கிற பானையிலிருந்து முதல் சொம்பு விழுந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. ரிப்பன் பெட்டிகள் நனைந்தன, கிளிப் அட்டைகள் நனைந்தன, கீழே தண்ணீர் வாசல்வரை ஓடியது. வளையல் மாட்டிக்கொள்ள வந்த பொண்ணு அட்டையால் விசிறினாள். ஜெயாக்கா நடுநடுவே என் முகத்துக்கு நேரே எதையோ நீட்டி, "இது என்ன கலர்? இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரியல என்றேன். மறுபடி தெரியல என்றேன். பானையின் அடித்தண்ணீரும் ஊற்றியாயிற்று.

எவ்வளவு நேரம் போயிற்றோ. எதிரே கண்ணாடிச் சட்டத்தில், பொட்டு வைத்துப் பார்க்கிற பெண்கள் ஒட்டிவிட்டுப் போன பழைய பொட்டுகள் வரிசையாக இருக்கும். அவை ஒவ்வொன்றாகப் புள்ளி புள்ளியாக எழுந்து வந்தன. முதலில் கறுப்பு. பிறகு பச்சை. பிறகு இடது கண்ணில், சந்தேகமே இல்லாமல்,

"அரக்கு" என்றேன். "அக்கா, அந்த மூணாவது பொட்டு அரக்கு. அதுக்கு மேல இருக்கிறது சிவப்பு."

ஜெயாக்கா அந்த ஈரத்திலேயே தரையில் உட்கார்ந்து, சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். "என் கையாலயே வந்துச்சுடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அழுதேன். சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். புதிதாக ஒன்றும் இல்லை, வெறும் சூடுதான் என்றார் டாக்டர். அந்த ஆபத்து போய்விடவில்லை. மருந்து இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் எனக்குத் தலைக்கு ஊற்றுவது மறுபடியும் ஜெயாக்காதான். பச்சைத் தண்ணி. அதில் எண்ணெய்ப் பிசுக்கு சரியாகப் போவதில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்துகொள்கிறேன்.